கடைசியாகக் கை வைத்தவர்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த மனுஷருக்கு ஆட்கள் கண்ணில் படமாட்டார்கள், சாமான்தான் படும். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட, அழுது கொண்டிருக்கிறவர்களைத் தாண்டி அவர் கண் அலமாரியின் மேல் போய் நிற்கும். புத்தகத்துக்கு மூன்று பெட்டி, பாத்திரத்துக்கு இரண்டு, கண்ணாடிச் சாமானுக்குத் தனியாக ஒன்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே ‘ரொம்ப வருத்தமா இருக்குங்க’ என்று சொல்லிவிட்டு வருவார். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. தொழில் அப்படி ஊறிப் போயிருந்தது.

வீடு காலி செய்கிறவர்களின் சாமான்களை ஊர் விட்டு ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும் கம்பெனியில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. லாரி வருவதற்கு ஒரு வாரம் முன்னால் இவர் போவார். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு நிமிஷம் நிற்பார். அளவு நாடாவைப் பையிலிருந்து எடுக்கக்கூட மாட்டார். ‘இந்த ரூமுக்கு ஒன்பது பெட்டி’ என்றால் ஒன்பதுதான். பத்தானால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் கம்பெனியில் அவருக்கு அளவுக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள், நாமும் அப்படியே கூப்பிடலாம்.

அளவெடுப்பது பாதி வேலை. மீதிப் பாதி புகார். மேஜைக்கால் உடைந்தது, கண்ணாடி விரிசல் விட்டது என்று யாராவது நஷ்டம் கேட்டு எழுதினால் விசாரிக்கப் போகிறவரும் இவரேதான். போய் உட்கார்ந்ததும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“கடைசியா இதுல கை வச்சது யாரு?”

அவ்வளவுதான். எதிராளி திணறுவான். லாரிக்காரர்கள் இறக்கி வைத்தார்கள், அப்புறம் மச்சான் வந்து நகர்த்தினான், அப்புறம் நான் கொஞ்சம் தள்ளினேன் என்று இழுப்பான். ‘அப்போ நீங்கதானே கடைசி?’ என்று இவர் படிவத்தில் எழுதிக்கொண்டு எழுந்து வந்துவிடுவார். கம்பெனிக்கு எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று கணக்கே கிடையாது. இதில் பெருமை வேறு. சாப்பிடும்போது மனைவியிடம் ஒவ்வொரு கேஸாகச் சொல்லிச் சிரிப்பார். அவளும் சும்மா இருக்க மாட்டாள். பால் பொங்கி வழிந்தாலோ குழாய் ஒழுகினாலோ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் குரலிலேயே கேட்பாள்: “கடைசியா இதுல கை வச்சது யாருங்க?”

அவளுக்குப் பல் செட் செய்யும் வேலை. ஒரு சின்ன லேப். பல் டாக்டர்கள் அளவு எடுத்து அனுப்புவதை வைத்து மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, சின்னக் கத்தியால் செதுக்குவாள். மயிரிழை பிசகினால் போட்டுக்கொள்கிறவருக்கு வாய் புண்ணாகிவிடும். அவள் செய்ததைப் போட்டுக்கொண்ட கிழவர் ஒருவர், ‘என் சொந்தப் பல்லே இவ்வளவு நல்லா இருந்ததில்லை’ என்று லேபுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த வேலைக்குப் பதினோரு வருஷமாகச் சைக்கிளில்தான் போய்க்கொண்டிருந்தாள். பச்சைக் கலர் வண்டி, முன்னால் கம்பிக் கூடை, மழைக்கு சீட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அந்தச் சைக்கிளைத்தான் துடைத்துத் துடைத்து வைப்பாள்.

அப்படி இருக்கும்போது கம்பெனி அந்த ஊர்க் கிளையை மூடியது. வேறு ஊர்க் கிளையில் இடம் இருக்கிறது, வருவதென்றால் வா, வராவிட்டால் உன் இஷ்டம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். ஐம்பத்து மூன்று வயதில் வேறெங்கே போய் நிற்பது? சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்து சொன்னார். அதுவே முதல் தப்பு.

“என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?” என்றாள்.

“கேட்டா மட்டும் என்ன ஆயிடப் போகுது? வேற வழி இருக்கா?”

“வழி இல்லைன்னு எனக்கும் தெரியும். கேட்டிருந்தா நானும் சேந்து சரின்னு சொல்லியிருப்பேன்ல.”

 மறுநாள் காலையில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எதை வேண்டுமானாலும் விட்டுவிட்டு வரலாம், சைக்கிள் வந்தாக வேண்டும். அங்கே போனாலும் ஒரு லேப் இருக்கும், அவள் கை இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது, யார் தயவும் இல்லாமல் போய்வந்துவிடுவாள். “என் காலில நான் நிக்கணுங்க. அது இல்லேன்னா அந்த ஊர்ல எனக்கு என்ன இருக்கு?” என்றாள். அளவுக்காரருக்கு அது நெஞ்சில் தைத்தது. சைக்கிளை நானே பத்திரமாகக் கொண்டு வந்து சேர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

வீடு மாற்றுவது எவ்வளவு கையைக் கடிக்கும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவருக்குத் தன் முறை வந்தபோதுதான் உறைத்தது. கம்பெனி கொடுத்தது பாதி லாரி இடம். அதற்கு மேல் போனால் சொந்தக் காசு. புது வீட்டுக்கு முன்பணம், தரகருக்கு ஒரு மாத வாடகை, பழைய வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும், புது ஊரில் கரண்ட் கனெக்‌ஷனுக்கு ஒரு தொகை. சேர்த்து வைத்தது கரைந்துகொண்டே வந்தது. பார்த்தார் மனுஷர். தன் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். “முப்பத்தொரு பெட்டி. ஒரு பெட்டி கூடக் கூடாது, குறையாது” என்றார்.

முப்பத்தொன்றுதான் ஆனது. அதற்காக எதையெல்லாம் கழித்தார் என்று கேட்கக் கூடாது. அவள் அம்மா கொடுத்த மரப்பெட்டியைக் காயலான் கடையில் போட்டார்.  இரும்புச் சாமானெல்லாம் கனம் என்று தன் கருவிப் பெட்டியைப் பத்து நாள் கழித்து வரும் அடுத்த லாரியில் ஏற்றச் சொல்லி ஓரமாக வைத்தார். சைக்கிளை அப்படியே நிறுத்தினால் ஹேண்டில் அகலத்துக்கு நாலு பெட்டி இடம் போய்விடும். அதற்கு அவர்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. ஹேண்டில் தண்டின் உச்சியில் இருக்கிற போல்ட்டைத் தளர்த்தி, ஹேண்டிலை வண்டியோடு வண்டியாகத் திருப்பிவிட்டால் சைக்கிள் ஒரு பலகை மாதிரி சுவரோடு ஒட்டி நின்றுவிடும். பெடலையும் கழற்றிவிட வேண்டும். ஸ்பேனர் எடுத்து அதையெல்லாம் அவரே செய்தார்.

அப்புறம் பட்டியலில் வழக்கமான வரியை எழுதினார்: ‘சைக்கிள் ஒன்று. ஹேண்டில் திருப்பி வைக்கப்பட்டது. மறுபடி முடுக்கிச் சரிபார்ப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.’ எழுதிவிட்டு மனைவியிடம் நீட்டினார்.

“கையெழுத்துப் போடு.”

“எனக்கேவா?” என்று சிரித்தாள். போட்டாள்.

ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் அவர் வாய் வலிக்கச் சொல்கிற ஒரு விஷயம் உண்டு. ஸ்பேனரைப் பெட்டியில் போடாதீங்க, கைப்பையில் வச்சுக்குங்க, இறங்கினதும் முதல் வேலையா ஹேண்டிலை முடுக்குங்க. அத்தனை பேருக்கும் சொன்ன ஆள், தன் ஸ்பேனரைக் கருவிப் பெட்டியில் போட்டு, பெட்டிக்குச் சுற்றிலும் டேப் ஒட்டி, அடுத்த லாரிக்கென்று ஓரத்தில் தள்ளினார். என்ன சொல்ல!

புது ஊர் போய் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. வீடு முதல் மாடி. இரண்டு அறை, ஒரு சமையலறை. படுக்கிற அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே முற்றம். அங்கே ஒரு தகரக் கூரை போட்டுச் சைக்கிள் நிறுத்தும் இடம். சுவர் முழுக்க ஈரம் பூத்திருந்தது. முன்னால் இருந்தவர்கள் மாட்டியிருந்த படங்களின் அடையாளம் சதுரம் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. அவள் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பெட்டிமேல் உட்கார்ந்தாள். எதிர்வீட்டில் யாரோ கதவைச் சாத்தினார்கள்.

“பழகிடும்” என்றார் அவர்.

“ம்” என்றாள்.

நல்ல வேளையா, கெட்ட வேளையா தெரியாது, மூன்றாம் நாளே ஒரு லேபிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். லேப் நடத்துகிற அம்மாள் இவளுடைய மாதிரிப் பல் செட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “திங்கக்கிழமையே வந்துடுங்க, இப்படி ஒரு கைக்காக ஆறு மாசமா தேடிட்டிருக்கேன்” என்றாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அந்த ஊருக்கு வந்தபிறகு முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது. பஸ் அந்தப் பக்கம் போகாது. சைக்கிளில் இருபது நிமிஷம்.

இங்கேதான் அளவுக்காரருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பழைய ஊர் மாதிரி இல்லை இது. ரோட்டில் ஒருத்தன் மேல் ஒருத்தன் ஏறிக்கொண்டு போனான். லாரி சைக்கிளை உரசிக்கொண்டு போகும், கார்க்காரன் பின்னால் பார்க்காமலே கதவைத் திறப்பான். சனிக்கிழமை முழுக்க அவர் வீட்டிலிருந்து லேப் வரைக்கும் நடந்தே போய்ப் பார்த்தார். எங்கே குழி, எங்கே மழைத்தண்ணீர் தேங்குகிறது, எந்தத் திருப்பத்தில் பஸ் ஒடிக்கிறது என்று நோட்டில் குறித்தார். நாலு ரோடு கூடுகிற இடத்தில், மருந்துக்கடை எதிரே, இரண்டு மணி நேரம் நின்றே பார்த்தார். திரும்பி வந்து அவளை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

“மருந்துக்கடை முனையில மட்டும் இறங்கித் தள்ளிக்கிட்டுப் போ. பெரிய வண்டி பக்கத்துல நிக்காதே, அவனுக்கு நீ தெரியவே மாட்டே. நிறுத்தியிருக்கிற காரை ஒட்டி ஓட்டாதே.”

“பதினோரு வருஷமா ஓட்டறேங்க.”

“அது அந்த ஊரு.”

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடைக்குப் போனார். கையிருப்பு இருக்கிற நிலையில் பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிற மனுஷர், அன்றைக்கு யோசிக்கவே இல்லை. இருப்பதிலேயே நல்ல ஹெல்மெட், மஞ்சள் பளபளப்பு மேல்சட்டை, பின்னால் சிவப்பு விளக்கு, பக்கவாட்டுக் கண்ணாடி, புது மணி எல்லாம் வாங்கினார். கடைக்காரர் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

“வண்டி லாரியில வந்ததா? ஹேண்டில் திருப்பியிருப்பாங்களே. கொண்டு வாங்க, எல்லாத்தையும் ஒரு முடுக்கு முடுக்கி அனுப்பறேன். பெரிசா ஒண்ணும் வாங்க மாட்டேன்.”

அளவுக்காரருக்குச் சுருக்கென்றது. “நானே அந்தத் தொழில்தாங்க. இருபத்திரண்டு வருஷம்” என்றார்.

“அப்போ சரி, உங்களுக்கு நான் சொல்லணுமா” என்று கடைக்காரர் சிரித்தார். சுவரில் அவர் தலைக்குப் பின்னால் எல்லா அளவிலும் ஸ்பேனர்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. வீட்டில் ஒரு செட் இருக்கும்போது இன்னொன்று எதற்கு, வியாழக்கிழமை பெட்டி வந்துவிடுமே என்று அளவுக்காரர் நினைத்தார். மனைவிக்காகக் கை கூசாமல் அவ்வளவு செலவு செய்தவர், தனக்கென்று ஒரு ஸ்பேனரில் கணக்குப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து, முற்றத்தில் தகரக் கூரைக்குக் கீழே, சமையலறையில் கிடந்த கட்டிங் பிளேயரால் போல்ட்டைப் பிடித்துத் திருகினார். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை பிடித்தது. பெடலையும் அதே பிளேயரால் மாட்டினார். முன் சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி ஹேண்டிலை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. ஓங்கி ஆட்டியிருந்தால் ஆடியிருக்கும். வியாழக்கிழமை ஸ்பேனர் வந்ததும் ஒழுங்காக முடுக்கிவிடலாம் என்று சொல்லிக்கொண்டு மாடி ஏறினார். பெடலைப் பற்றிக்கூட ஒரு தடவை அவளிடம் சொன்னார், பார்த்து மிதி என்று. ஹேண்டிலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சொன்னால், ‘அப்போ வியாழன் வரைக்கும் நடந்தே போறேன்’ என்று சொல்லியிருப்பாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் மஞ்சள் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். “ரோடு போடற ஆளு மாதிரி இருக்கேன்” என்று சிரித்தாள். ஹெல்மெட் வாரை அவரே மாட்டிவிட்டார். தெருமுனை திரும்பும் வரைக்கும் ஜன்னலில் நின்று பார்த்தார்.

ஒன்பதே கால் மணிக்கு போன் வந்தது. மருந்துக்கடைக்காரர் பேசினார். அவர் போய்ச் சேர்வதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எந்த வண்டியும் இடிக்கவில்லை. மருந்துக்கடை முனையில் இறங்கித் தள்ளுவதற்காக ஓரம் ஒதுங்கப் பார்த்திருக்கிறாள். நேரே போய் நடுத்திட்டின் விளிம்பில் முட்டி, வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறாள். பின்னால் வந்த பஸ் ஒரு முழத்தில் நின்றிருக்கிறது. மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளங்கை எலும்பும் நொறுங்கிவிட்டது. தகடு வைத்துத் தைக்க வேண்டும் என்றார்கள். ஹெல்மெட் பக்கவாட்டில் பிளந்திருந்தது.

டாக்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு அளவுக்காரரிடம் சொன்னார்: “இது மட்டும் இல்லேன்னா இப்போ நாம வேற பேச்சு பேசிட்டிருப்போம். வாங்கிக் கொடுத்தது நீங்களா? நல்ல காரியம் பண்ணினீங்க.”

நர்ஸும் சொன்னாள். மருந்துக்கடைக்காரரும் சொன்னார். சேதி கேட்டு வந்த லேப் அம்மாளும் சொன்னாள். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று வார்டே பேசியது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.  மருந்துக்கடை வாசலில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளை அவர் வரும் வழியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். முன் சக்கரம் நேரே இருந்தது. ஹேண்டில் மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

வியாழக்கிழமை மதியம் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தார். முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தாள். அதே மதியம்தான் கருவிப் பெட்டியும் வந்தது. லாரிக்காரன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனதும், அவர் டேப்பைக் கிழித்து ஸ்பேனரை எடுத்தார். மருந்துக்கடையிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்த முற்றத்துக்குப் போனார். ஹேண்டிலை நேராக்கி, போல்ட்டை இன்னும் முக்கால் சுற்று முடுக்கினார். இரும்பு கிறீச் கிறீச்சென்று முனகியது. முக்கால் சுற்று! அவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறார். சக்கரத்தை முழங்காலில் இடுக்கி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி ஆட்டினார். கல் மாதிரி நின்றது. மேலே வந்து கையைக் கழுவினார்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தூங்கலையா?”

“இல்ல. என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

சொல்லிவிடுவதாகத்தான் வாயைத் திறந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லத்தான் திறந்தார். “வண்டியைப் பாத்தேன். வண்டி நல்லாத்தான் இருக்கு” என்று வந்தது.

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “அப்படியா” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் தினமும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தார். தலை வாரிவிட்டார், சோறு பிசைந்து ஊட்டினார், துணி துவைத்தார். ஒரு மனுஷன் இவ்வளவு ஓடி ஓடிச் செய்தால் அந்த ஒன்றைச் சொல்ல வேண்டாம் என்று ஆகிவிடுமா? ஆகாது, அது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஓடினார். லேப் அம்மாள் இரண்டு வாரம் பொறுத்தாள். மூன்றாம் வாரம் வேறு ஆள் போட்டுவிட்டேன் என்று போனில் சொல்லி வருத்தப்பட்டாள். இவள் ‘பரவாயில்லைங்க’ என்று சொல்லிவிட்டுப் போனை இடது கையால் மெல்ல மேஜையில் வைத்தாள்.

ஒருநாள் பழைய ஊரிலிருந்து அவள் அக்கா போனில் கூப்பிட்டாள். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவருக்குப் பேச்சு கேட்டது.

“இல்லக்கா, யாரும் இடிக்கல. நான்தான். திரும்பற இடத்துல பயந்து போயிட்டேன். வயசாச்சுல்ல, கை எனக்கே அடங்கல.”

அவர் குழாயை மூடவில்லை. தண்ணீர் தட்டுமேல் விழுந்து கொட்டிக்கொண்டே இருந்தது. பதினோரு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவள் தன் கையைத் தானே குறை சொல்கிறாள். போய்ச் சொல்லடா பாவி என்று உள்ளே ஒன்று கத்தியது. தட்டைத் துடைத்து அடுக்கினார். ஒருவேளை அவளுக்குத் தெரியவே வராமல் போய்விடலாம் என்று கேவலமான ஒரு ஆறுதலும் அதில் இருந்தது.

ஏழாம் வாரம் கட்டைப் பிரித்தார்கள். கை வெளுத்துச் சூம்பிப் போயிருந்தது. மணிக்கட்டு பாதிதான் மடங்கியது. டாக்டர் ஒரு பேனாவைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள். எழுதச் சொன்னார். விரல் நடுங்கி நழுவியது.

“வீட்டு வேலையெல்லாம் வந்துடும்” என்றார் டாக்டர்.

“மெழுகு செதுக்கற வேலைங்க” என்றாள் அவள்.

டாக்டர் அளவுக்காரரைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். “பயிற்சி செய்யுங்க. ஒரு வருஷம் போகட்டும், பார்க்கலாம்” என்றார்.

 வீட்டுக்கு வந்ததும் அவள் சைக்கிளை விற்றுவிடலாம் என்றாள். அவர் வேண்டாம் என்றதற்கு, “யாரு ஓட்டப் போறா?” என்று கேட்டாள்.  கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்ததில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் வந்து நின்றாள். ஹெல்மெட் வாங்கிக் கொடுத்ததற்காக அவரைப் பாராட்டிய அதே ஆஸ்பத்திரி நர்ஸ். இரவு பகல் ஷிஃப்டுக்குப் போய்வர வண்டி தேடிக்கொண்டிருந்தாளாம். முற்றத்தில் மூவரும் நின்றார்கள். நர்ஸ் விவரமானவள். முன் சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி ஹேண்டிலை ஓங்கி ஆட்டினாள்.

“கெட்டியா இருக்கு” என்றாள். அப்புறம் தயங்கினாள். “தப்பா நினைக்காதீங்க அக்கா. எனக்கு இதுல தினமும் போகணும். அன்னிக்கு எப்படி விழுந்தீங்க? வண்டியில ஏதாவது கோளாறா?”

 மனைவி அளவுக்காரர் பக்கம் திரும்பினாள். ஒரு விநாடியோ இரண்டோ, அதற்கு மேல் இருக்காது, அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் கூடையின் கம்பியில் ஒட்டியிருந்த காய்ந்த இலையைப் பிய்த்தார்.

“வண்டிமேல ஒரு தப்பும் இல்லம்மா” என்றாள் அவள் நர்ஸிடம். “நான்தான் பயந்துட்டேன். நீ தைரியமா ஓட்டு.”

நர்ஸ் பணத்தைக் கொடுத்தாள். மணியை ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு ஏறிப் போனாள். பச்சை வண்டி தெருமுனை திரும்பி மறைந்தது. தகரக் கூரைக்குக் கீழே டயர் நின்ற இடத்தில் மட்டும் தரை உலர்ந்து கிடந்தது.

மாடிக்கு வந்ததும் அவரால் அடக்க முடியவில்லை. கதவைச் சாத்திய கையோடு, அப்படியே நின்றபடி சொன்னார்.

“ஹேண்டிலை நான் சரியா முடுக்கல.”

அவள் பணத்தை எண்ணாமல் உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“தெரியும்.”

“எப்போ தெரியும்?”

“கீழ விழறதுக்கு முன்னாடியே. ஹேண்டில் நான் திருப்பின பக்கம் வந்துச்சு, சக்கரம் வரல. பல்லை மயிரிழைக்கு நேர் பாத்து நடறவ நான். எனக்குத் தெரியாதா?”

“அப்போ அக்காகிட்ட…”

“உங்களை விட்டுக்கொடுத்துப் பேசச் சொல்றீங்களா?” என்றாள். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். “விழுந்ததுக்கு எனக்குக் கோவமே இல்லீங்க. யாருக்கும் கை தவறும். ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கு, ஜன்னலுக்குக் கீழே ஸ்பேனர் சத்தம் கேட்டுச்சு. சரி, பாத்துட்டாரு, மேல வந்து சொல்லுவாரு, ரெண்டு பேரும் அழுது தீத்துடலாம்னு படுத்துக்கிட்டே காத்திருந்தேன். வந்தீங்க. கையைக் கழுவினீங்க. வண்டி நல்லாத்தான் இருக்குன்னீங்க.”

அவள் உறையை மூடினாள்.

“ஏழு வாரம். இன்னிக்குக் கீழே அந்தப் பொண்ணு கேட்டப்போகூட உங்களைப் பாத்தேன். இலை பிய்ச்சிட்டிருந்தீங்க.” உறையை மேஜையில் வைத்தாள். “ஊரெல்லாம் கேட்டீங்களே, கடைசியா இதுல கை வச்சது யாருன்னு. நான் உங்களை ஒரு தடவைகூடக் கேக்கலைங்க.”

“என்னை மன்னிச்சிடு” என்றார். அழுதார். இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் அவர் எதிரில் கண் கலங்கி நின்றிருக்கிறார்கள். படிவத்தில் எழுதிக்கொண்டு எழுந்து வந்தவர்தான். இப்போது எழுந்து போக அவருக்கு வேறு வீடு இல்லை.

அவள் பக்கத்தில் வந்து அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள், இடது கையால். அதில் வெறுப்பு இல்லை. ஒரு வேலையை முடித்துவைக்கிற மாதிரி இருந்தது.

“நான் அக்கா வீட்டுக்குப் போறேங்க. அங்க பழைய லேப்ல எனக்குக் கைப்பயிற்சி ஆகற வரைக்கும் பல் அளவு அச்சுல மாவு ஊத்தற வேலை தர்றேன்னு சொல்லியிருக்காங்க. டிக்கெட்டுக்கு இந்தப் பணம் போதும்.”

“எப்போ வருவே?”

அவள் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். இன்னும் பிரிக்காத பெட்டிகள் மூலையில் அடுக்கியபடியே இருந்தன.

“என் சாமான் மட்டும்னா எத்தனை பெட்டி ஆகும்?” என்று கேட்டாள். “நீங்கதான் பாத்தாலே சொல்லிடுவீங்களே.”

அவர் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் பழகின கண், அது பாட்டுக்கு அறையைச் சுற்றியது. கொடியில் அவள் துணிகள், அலமாரியில் ஒரு தட்டு, மெழுகும் கத்திகளும் வைத்த தகர டப்பா, ஜன்னல் ஓரத்தில் பிளந்துபோன ஹெல்மெட்.

“நாலு” என்றார்.